ரோஸ்மேரி அக்காவின் வலது தோள்

திண்டுக்கல்லில் உரக்கடை வைத்திருப்பவனிடம் மக்கள் உரம் மட்டும் கேட்க மாட்டார்கள். மாடு தீனி எடுக்கவில்லை என்றாலும் வருவார்கள், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் வருவார்கள். பூச்சிக்கு மருந்து சொல்லத் தெரிந்தவனுக்கு மனுசனுக்குச் சொல்லத் தெரியாதா என்று ஒரு நம்பிக்கை. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. ‘கிளெமென்ட் உர நிலையம்’ என்று போர்டு மாட்டியிருந்தாலும், அங்கே யூரியாவைவிட அதிகமாக வெளியே போனது என்னுடைய ஆலோசனைதான். அதுவும் இனாமாக. அந்த இனாம்களில் ஒன்று ஒரு பெண்ணின் கையைக் கிட்டத்தட்ட முடமாக்கியது. அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும். நல்லபடியாக முடிந்த கதைதான், பயப்பட வேண்டாம். நல்லபடியாக முடிந்ததில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் ரோஸ்மேரி. சிறுமலை அடிவாரத் திராட்சைத் தோட்டங்களில் கவாத்துக் கத்திரி பிடித்த பெண் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான். நாலடி பத்து அங்குல உயரம். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். என் கையைப் பார்த்து, “சாமான் எடுத்துக் குடுக்கிற கை தம்பி இது, வேல செஞ்ச கை இல்ல” என்று கடையில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னவர். கணவர் சூசைமுத்து, ஊர் மாதா கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பீடத்துக்குப் பூ மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வீட்டில் பேச்சு முழுவதும் அக்காவுடையது, தலையாட்டல் முழுவதும் அவருடையது.

திராட்சைத் தோட்டம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்தூண் நட்டு, ஆறடி உயரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படர விடுவார்கள். அதுதான் பந்தல். வருஷத்துக்கு இரண்டு தடவை, சித்திரையிலும் ஐப்பசியிலும், இலையை உருவிவிட்டுக் கிளைகளை வெட்ட வேண்டும். அதற்குப் பெயர் கவாத்து. எந்தக் கிளையை எத்தனை மொட்டு விட்டு வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கணக்குத் தப்பினால் குலை வராது, வெறும் இலையாகக் கிளம்பும். அண்ணாந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெட்ட வேண்டும். இது ஆம்பிளை வேலை என்று ஆம்பிளைகளே முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

பெண்களுக்கு ஒதுக்கியது ஹார்மோன் முக்குவது. விதையில்லாத் திராட்சை அதன் போக்கில் விட்டால் சின்னதாகவே நின்றுவிடும். அதனால் பூ உதிரும் சமயத்தில் ஹார்மோன் கரைசலை ஒரு டம்ளரில் எடுத்து, ஒவ்வொரு பூங்கொத்தையும் அதில் முக்கி எடுப்பார்கள். பிஞ்சு மிளகு அளவுக்கு வந்ததும் இரண்டாவது முக்கு. அந்தப் பொடி நேரே தண்ணீரில் கரையாது, முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும். இது தெரியாமல் தண்ணீரில் கொட்டிவிட்டு, சரக்கு போலி என்று என் சட்டையைப் பிடிக்க வருகிறவர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது உண்டு. அக்கா பதினேழு வயதிலேயே டம்ளர் பிடித்தவர். எத்தனை லிட்டருக்கு எத்தனை கிராம், முதல் முக்குக்கும் இரண்டாவது முக்குக்கும் நடுவே எத்தனை நாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கத்திரி அவர் கைக்கு வந்தது எண்பத்தொன்றில், அழகர் புண்ணியத்தில். ராயப்பராஜ் என்பவருடைய தோட்டத்தில் இலையெல்லாம் உருவிச் சித்திரைக் கவாத்துக்குத் தயாராக இருந்தது. வெட்ட வேண்டியவர்கள் மொத்தப் பேரும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். ஒரே நாளில் வருகிறோம் என்றவர்கள் நாலு நாளாகியும் வரவில்லை. ராயப்பராஜ் பந்தலுக்கடியில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். அக்கா கொட்டகையில் கிடந்த ஒரு கத்திரியை எடுத்து, “நான் வெட்டவா மொதலாளி?” என்று கேட்டார். கேட்டாரே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆட்கள் திரும்பி வந்தபோது இரண்டு வரிசை முடிந்திருந்தது. அந்த இரண்டு வரிசையில் கிளை எழும்பிய சீரைப் பார்த்துவிட்டு, ஐப்பசிக்கு ராயப்பராஜே அவருக்குச் சொல்லி அனுப்பினார். பத்து வருஷம் கழித்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கவாத்து செட்டுக்கு அவர்தான் தலைவி. மற்ற பதினொரு பேரும் ஆம்பிளைகள்.

செட்டில் அவருக்கு அடுத்தவர் பேச்சிமுத்து. நல்ல வேலைக்காரர், அதைவிட நல்ல வாய். “அக்கா வெட்டுனா கொடிக்கே வெக்கம் வந்து காய்ச்சிரும்ல” என்பார். பாராட்டா கிண்டலா என்று கண்டுபிடிக்க முடியாது. ரோஸ்மேரி அக்கா என்றைக்குக் கத்திரியைக் கீழே வைப்பார் என்று அவர் காத்திருந்தது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதை நான் தப்பாகச் சொல்லவில்லை. அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் காத்திருப்பார்கள்.

தொண்ணூற்றெட்டில் அக்காவின் வலது தோள் வலிக்கத் தொடங்கியது. குள்ளமான ஆள் பதினேழு வருஷம் எட்டி எட்டி வெட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்? முதலில் கத்திரியைத் தூக்கும்போது வலித்தது. பிறகு தலை சீவும்போது. பிறகு ரவிக்கையில் கை நுழைக்கும்போது. எண்ணெய் போட்டு நீவினார்கள். முட்டையும் மாவும் குழைத்துக் கட்டுப் போட்டார்கள். புரட்டாசி வந்தபோது தோசை திருப்பவே இடது கை வேண்டியிருந்தது. ஐப்பசிக் கவாத்துக்கு இன்னும் மூன்று வாரம். ஒரு தடவை கத்திரியைக் கீழே வைத்தால் மறுபடி எடுக்க விடமாட்டார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வயதில் மறுபடி டம்ளர் பிடிக்கப் போக வேண்டும். அதை நினைத்தால்தான் வலியைவிட அதிகமாக வலித்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அப்போது ரவுண்டு ரோட்டில் நர்கீஸ் என்று ஒரு எலும்பு டாக்டர் புதிதாக வந்திருந்தார். எலும்பு டாக்டர் என்றால் ஆறடி ஆம்பிளை வந்து காலைப் பிடித்து இழுப்பார் என்று எதிர்பார்க்கிற ஊரில், மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். சூசைமுத்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், முறுக்கச் சொன்னார், ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்தினார். அக்கா கத்தியதில் வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டாராம்.

“எலும்புக்கு ஒன்னும் இல்லம்மா. எலும்போட சதைய கட்டி வச்சிருக்கிற நார் இருக்கு பாருங்க, அது தேஞ்சு வீங்கிப் போயிருக்கு. ஒரு ஊசி போடுறேன். ஹார்மோன் ஊசி” என்றார் டாக்டர்.

“ஹார்மோனா? நாங்க திராட்சைக்கு முக்குவமே, அதா டாக்டரம்மா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “அது செடியோடது. இது நம்ம உடம்பு தானா சுரக்கிறது. கிட்னிக்கு மேல குட்டியா ஒரு சுரப்பி இருக்கு, அங்கயிருந்து வரும். அதே மாதிரி சரக்கத்தான் மருந்தா செஞ்சு வீங்குன எடத்துல நேரா போடுறோம். வீக்கத்த அடக்கும், வலி கொறையும். ஆனா நார ஒட்ட வைக்காது. அது ஓய்வுலயும் பயிற்சியிலயும்தான் கூடும். ஒரு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் முழங்கை தோளுக்கு மேல போகக் கூடாது.”

அக்கா நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார். இது வேறு சரக்கு, அது வேறு சரக்கு என்று புரிந்துவிட்டது. புத்தி கெட்டவர் இல்லை. ஆனால் பதினேழு வயதிலிருந்து ஹார்மோனோடு பழகிய கை அது. சரக்கு வேறாக இருந்தாலும், போடுகிற முறை ஒன்றாகத்தானே இருக்கும் என்று அவர் உள்ளுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

பத்தாம் நாள் என் கடைக்கு வந்தார். கடையில் நல்ல கூட்டம். கூட்டம் இருந்தால் எனக்கு வாய் இன்னும் நீளும்.

“தம்பி, ஊசி போட்டுப் பத்து நாளாச்சு. பாதி வலி போயிருச்சு, பாதி நிக்கிது. அடுத்த வாரம் கவாத்து. ரெண்டாவது ஒன்னு போட்டாத்தான் சரியாகுமோன்னு தோணுது. நீ என்ன சொல்ற?”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: “அக்கா, நீங்க என்னைக்காச்சும் ஒரு முக்கோட நிறுத்தியிருக்கீங்களா?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தலையாட்டல் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

நர்கீஸ் டாக்டர் போட மாட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய், ஊசிக்கென்றே பேர் வாங்கிய வேறொருவரிடம் கையைக் காட்டினார். முன்னால் ஊசி போட்டிருக்கிறதா என்று அந்த மனுசன் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. இரண்டாவது ஊசி ஏறியது. மூன்று நாளில் வலி துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. அக்கா கையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் ஆலோசனை என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

கவாத்து தொடங்கியது. முதல் நாள் பேச்சிமுத்துவைவிட நாலு கொடி அதிகம். இரண்டாம் நாள் மத்தியானச் சோற்றுக்கு முன்னால், ஒரு தடித்த கிளையை எட்டிப் பிடித்து வெட்டும்போது தோளுக்குள் சேலை கிழிகிற மாதிரி ஏதோ ஒன்று நடந்தது. கத்திரி கீழே விழுந்தது. அக்கா குனிந்து எடுத்தார். தூக்கினார். கை இடுப்புக்கு மேல் வரவில்லை. மறுபடி தூக்கினார். வரவில்லை. பதினொரு பேரும் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சிமுத்துதான் பக்கத்தில் வந்தார். “அக்கா, செத்த நேரம் உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்” என்றார். அதில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் தேவலை என்று அக்கா பின்னால் சொன்னார். அந்த ஐப்பசியில் செட்டு பேச்சிமுத்து கைக்குப் போனது.

விஷயம் அன்று சாயங்காலமே என் காதுக்கு வந்தது. மறுநாள் கடையை அடைத்துவிட்டு அக்காவோடும் சூசைமுத்துவோடும் நானும் நர்கீஸ் டாக்டரிடம் போனேன். அக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னார். என் பெயர் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தினார். மீதியை நானே சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க யாரு?”

“உரக்கடை வச்சிருக்கேன் டாக்டர்.”

“அப்ப இவங்களுக்கு ரெண்டு மூட பொட்டாஷும் போட்டு விட்டிருக்க வேண்டியதுதானே!”

நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். கோபம் அடங்கவில்லை. “ஊசி வலிய எடுத்துச்சு. வலி போனதும் நாரு கூடிருச்சுன்னு நெனச்சுட்டீங்க. அது அப்படியேதான் இருந்துச்சு. அடுத்தடுத்து ஊசி போட்டா நாரு இன்னும் பலவீனமாகும். அதோட போயி ரெண்டு நாளு அண்ணாந்து வெட்டியிருக்கீங்க. கிழியாம என்ன செய்யும்?”

அக்கா வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஹார்மோன் ஜாஸ்தியானா காம்பு வெறச்சு, தொட்டாலே காய் உதுந்துரும் டாக்டரம்மா. எத்தன பேருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். எனக்கே அது ஞாபகம் வரலையே.” அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். நார் முழுவதும் அறுந்து போகவில்லை, ஓரத்தில் கிழிந்திருந்தது. ஆப்பரேசன் வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் ஒரு வருஷம் கத்திரி தொடக் கூடாது, சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்ய வேண்டும். “ஒரு நாள் விட்டாலும் நான் கண்டுபுடிச்சிருவேன்” என்று பயமுறுத்தியும் அனுப்பினார்.

அந்த ஒரு வருஷத்தில்தான் சூசைமுத்துவை ஊர் பார்த்தது. காலையில் மணி அடித்துவிட்டு வந்து அக்காவுக்குத் தலை சீவிவிடுவார். ஆம்பிளை, அதுவும் கோயில்பிள்ளை, வாசலில் பெண்டாட்டியை உட்காரவைத்துக் கொண்டை போடுகிறார் என்று தெருவே சிரித்தது. முதல் வாரம் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்துதான் நின்றது. இரண்டாவது மாதம் பக்கத்து வீட்டுப் பெண்களே எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். கிணற்று உருளை ஒன்றை வீட்டு உத்தரத்தில் கட்டிக் கயிறு போட்டுக் கொடுத்ததும் அவர்தான். இடது கையால் ஒரு முனையை இழுத்தால் வலது கை தானாக மேலே போகும். காலையில் இருபது, சாயங்காலம் இருபது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார், இவர் எண்ணுவார். சில நாள் பதினெட்டிலிருந்து நேரே இருபதுக்குத் தாவுவார். அக்கா திட்டுவார்: “ஏசப்பா பாத்துக்கிட்டிருக்காரு, ஒழுங்கா எண்ணுங்க!”

தை முடிகிறபோது கிழிசல் ஆறியிருந்தது, ஆனால் மூட்டு இறுகிப்போய்க் கை காதுவரைக்கும்கூட வரவில்லை. உருளையில் எவ்வளவு இழுத்தாலும் ஓரிடத்தில் வந்து நின்றுகொண்டது. டாக்டர் யோசித்துவிட்டு, மூட்டுக்குள்ளே ஒரே ஒரு ஊசி போட்டால் இறுக்கம் விடும், அந்த நேரத்தில் பயிற்சியைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார். அதே ஹார்மோன் ஊசிதான். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“வேணாம் டாக்டரம்மா. பட்டது போதும்.”

“போன தடவ தப்பு ஊசியில இல்லம்மா. அவசரத்துல. நாலு மாசம் இடைவெளி இருக்கு. எடமும் வேற. பிரிட்ஜில வச்ச வெண்ணெய் மாதிரி இருக்கு உங்க மூட்டு. கொஞ்சம் எளக்கி விட்டாத்தான் நீங்க இழுக்கிற இழுப்புக்குப் பலன் வரும்.”

“எத்தன ஊசி?”

“ஒன்னு.”

“எழுதிக் குடுங்க.”

டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தேதி, ஊசியின் பெயர், அதற்குக் கீழே தமிழில் ‘இது ஒன்று மட்டும்’. அக்கா அந்தச் சீட்டை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை ஊசி போட்ட பிறகு யாரையும் யோசனை கேட்கவில்லை, யாருக்கும் கையைச் சுழற்றிக் காட்டவும் இல்லை. டாக்டர் சொன்ன இரண்டு நாள் ஓய்வு முடிந்ததும் உருளைக்குப் போனார். சித்திரையில் கை காதைத் தாண்டியது. ஆடியில் தானே தலை சீவிக்கொண்டார். சூசைமுத்து அன்றைக்கு முழுவதும் ஒரு மாதிரியாக இருந்தார் என்று அக்கா சொல்லிச் சிரித்தார்.

புரட்டாசியில் டாக்டர் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகலாம் என்றார். “ஆனா பழைய மாதிரி முழங்கையத் தோளுக்கு மேல தூக்கி நாள் முழுக்க வெட்டுனா, மறுபடி இங்கதான் வருவீங்க. அப்ப நான் ஊசி போட மாட்டேன்.”

அக்கா நேரே ராயப்பராஜ் வீட்டுக்குப் போனார். ராயப்பராஜ் நல்லவர்தான், ஆனால் தோட்டத்தை வைத்துச் சோதனை செய்கிற ஆள் இல்லை. செட்டை பேச்சிமுத்துவிடம் ஒப்படைத்தாகிவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“செட்டக் கேக்கல மொதலாளி. ஒரே ஒரு வரிச குடுங்க. நான் வெட்டுறதப் பாத்துட்டு அப்பறம் பேசுங்க” என்றார் அக்கா.

ஐப்பசிக் கவாத்தில் அவருக்கு ஒரு வரிசை கிடைத்தது. முதல் நாள் நான் அங்கே இருந்தேன். கவாத்து முடிந்ததும் மொட்டில் தடவுகிற மருந்தைக் கொண்டுபோயிருந்தேன். அக்கா ஒன்றரை அடி உயரத்தில் ஒரு ஸ்டூல் செய்து எடுத்து வந்திருந்தார். ஏறி நின்றால் கையைத் தூக்க வேண்டியதில்லை என்பது யோசனை. ஏறி நின்றார். கம்பி சரியாக மூக்குக்கு நேரே வந்தது. கிளை கன்னத்தில் கீறியது. பேச்சிமுத்துவுக்கு வாய் அரித்தது. “ஏலே, அக்காவுக்கு ஒரு குடையும் நாற்காலியும் கொண்டாங்கடா. உக்காந்துக்கிட்டே வெட்டட்டும்!” செட்டு மொத்தமும் சிரித்தது. அக்கா கன்னத்தைத் துடைத்துவிட்டு அடுத்த கிளையைப் பிடித்தார். சாயங்காலம் பார்த்தால் வரிசையில் பாதிகூட முடியவில்லை. ராயப்பராஜ் வெட்டாமல் நின்ற கொடிகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் எண்ணியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தோள் தேறிவிட்டது, ஆனாலும் இடம் போய்விட்டது என்று அன்றைக்கு நானே முடிவு கட்டிவிட்டேன். என் முடிவுகளின் லட்சணம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

வீட்டில் அக்கா கன்னத்துக் கீறலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். சூசைமுத்து தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார்: “மாதா பீடத்துக்குப் பூ வைக்கிற ஸ்டூலு ரெண்டர அடி இருக்கு. அதுல ஏறுனா நீ கம்பிக்கு மேல போயிருவ.”

“மேல போயி?”

“மேலருந்து வெட்டு.”

மறுநாள் காலை பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டு, அந்த ஸ்டூலை சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டே தோட்டத்துக்கு வந்தார். அக்கா ஏறினார். இலை உருவிய பந்தலில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே தாராளமாக இடைவெளி இருந்தது. அதன் வழியாகத் தலையை விட்டு நிமிர்ந்தார். பந்தல் மார்பளவுக்கு வந்துவிட்டது.

பிறகு சத்தமே இல்லை. பேச்சிமுத்து கீழேயிருந்து, “அக்கா, மாட்டிக்கிட்டீங்களா?” என்று கேட்டார். அக்கா மாட்டிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருஷமாக அண்ணாந்து, கண்ணில் தூசி விழ விழ, அடிப்பக்கத்தை மட்டும் பார்த்த கொடி, சமையல் மேடையில் பரப்பி வைத்த மாதிரி முழுசாக முன்னால் கிடந்தது. எந்தக் கிளை எங்கே கிளம்புகிறது, எது தடித்தது, எது வீண் என்று ஒரே பார்வையில் தெரிந்தது. வெயில் பட்டு மொட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தன. முழங்கை இடுப்போடு ஒட்டியிருக்க, கத்திரி வேலை செய்யத் தொடங்கியது.

ஒரு இடைவெளியில் கைக்கு எட்டியதை முடித்து, குனிந்து இறங்கி, ஸ்டூலை நகர்த்தி, மறுபடி மேலே வருவார். ஏறி இறங்கும் நேரம் வீண் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மற்றவர்கள் கையைத் தொங்கவிட்டு, கழுத்தைத் தேய்த்து, கண்ணைக் கசக்கி நின்ற நேரம் அதைவிட அதிகம். மத்தியானத்துக்குள் முந்தின நாள் பாக்கியில் முக்கால்வாசி முடிந்தது. மூன்று மணிக்கு வரிசையே முடிந்தது. மேலே நின்றபடியே அக்கா அடுத்த வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

“பேச்சிமுத்து, ஒன் வரிசையில மூணு கெளைய விட்டுட்டப்பு. தூணுக்கு மேக்கால ரெண்டு, இந்தா இங்க ஒன்னு.”

பேச்சிமுத்து அண்ணாந்து தேடினார். தெரியவில்லை. ராயப்பராஜ் தானே அந்த ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். கனத்த உடம்பு, கம்பியில் சட்டை மாட்டிக்கொண்டது. ஆனாலும் பார்த்தார். மூன்று கிளையும் அக்கா சொன்ன இடத்தில் இருந்தன. இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும், “ரோஸ்மேரி, நாளையிலேருந்து செட்ட நீயே பாரு” என்றார். நான் கை தட்டிவிட்டேன். உரக்கடைக்காரன் தோட்டத்தில் நின்று கை தட்டுவது அழகில்லைதான். அதனால் என்ன?

அதன் பிறகு ஒன்பது வருஷம் அக்கா அந்த அடிவாரத் தோட்டங்களில் கவாத்து செய்தார். தோளுக்கு இன்னொரு ஊசி போடவே இல்லை. நர்கீஸ் டாக்டர் ஒரு தடவை தோட்டத்துக்கே வந்து, ஸ்டூலில் நின்று வெட்டுவதைப் பார்த்துவிட்டு, முழங்கை இருக்கும் இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் பந்தலுக்கு மேலே தலை தெரியாத கவாத்து செட்டு குறைவு. நானும் திருந்தினேன். மனுசர் உடம்பைப் பற்றி யாராவது கேட்டால் ரவுண்டு ரோட்டுக்கு வழி மட்டும் சொல்கிறேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது மூன்றாம் நாள் காலை. செட்டு அக்கா கைக்குத் திரும்பிய முதல் நாள். மருந்து பாக்கி இருக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நான் அன்றைக்கும் போயிருந்தேன். அக்கா வந்தபோது பேச்சிமுத்துவைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அக்காவின் முகம் கொஞ்சம் வாடியது. இடத்தை வாங்கியதில் சந்தோஷம்தான், ஆனால் நல்ல வேலைக்காரரை இழந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி வெட்ட ஆரம்பித்தார்.

அரை மணி நேரம் கழிந்திருக்கும். அக்காவுக்கு ஆறு கொடி தள்ளி, கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு தலை மெதுவாக மேலே வந்தது. காய்ந்த இலைச் சருகு முடியில் ஒட்டியிருந்தது. பேச்சிமுத்து. வீட்டிலிருந்த சாப்பாட்டு மேசையையே தலையில் வைத்துத் தூக்கி வந்திருக்கிறார். அக்காவைப் பார்க்கக் கூச்சப்பட்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“யக்கா,” என்றார் கடைசியில். “இங்கெருந்து பாத்தா செறுமல முழுசும் தெரியுதே!”

அக்கா கத்திரியை வலது கைக்கு மாற்றினார். “மலைய அப்பறம் பாக்கலாம். மொட்ட எண்ணி வெட்டு.”

இரண்டு பேரும் வெட்டத் தொடங்கினார்கள்.